அடிபட்ட கண்ணில் விழித்திரை விலகினால்: பக்கிளா, விட்ரெக்டமியா? வாயுவா, ஆயிலா?

அறுந்து தெறித்த கம்பி ஒன்று என் அண்ணனின் இடது கண்ணைக் கிழித்த இரவிலேயே காயத்தைத் தைத்துவிட்டார்கள். உள்ளே ரத்தம் நிறைந்திருந்ததால் பின்பக்கம் எதுவும் தெரியவில்லை. "ரத்தம் வடியட்டும், ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்கள். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம். மனசு கேட்காமல் பதினேழாம் நாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கண் இமைமேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். விழித்திரை பிரிந்து, தைத்த காயத்தை நோக்கி இழுபட்டுக் கிடந்தது.

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஆபரேஷன், காத்திருப்பு, மறுபடி ஆபரேஷன் என்றே போனது. ஒவ்வொரு கட்டத்திலும் இதுவா அதுவா என்று எங்களைக் கேட்டார்கள். முதல் இரண்டு முறை எதுவும் புரியாமல் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது முறை கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் முதல் கையெழுத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று நினைப்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். விழித்திரை விலகலுக்கு நான்கைந்து சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அடிபட்ட கண்ணுக்கு எந்த ஆபரேஷன் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பழைய அடியே முடிவு செய்கிறது. கண்ணின் சுவர் கிழிந்ததா, கிழியவில்லையா? உள்ளே இருக்கும் கூழ் எந்த நிலையில் இருக்கிறது? வடு எங்கே வளர்கிறது? இந்த மூன்றையும் கேட்டாலே தேர்வு பாதி முடிந்துவிடும்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதற்கு முன்னால் கண்ணை நிரப்பிக்கொண்டு விட்ரியஸ் என்ற தெளிந்த கூழ் இருக்கிறது. படலத்தில் கிழிசல் விழுந்தால் அதன் வழியாகத் திரவம் பின்னால் புகுந்து படலத்தைச் சுவரிலிருந்து தூக்கிவிடும். ஒளியை உணரும் செல்களுக்குப் பின்சுவரின் ரத்த நாளங்களிலிருந்துதான் ஊட்டம் வருகிறது. பிரிந்த நேரம் முதல் அவை பட்டினி கிடக்கின்றன. கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் படலம் ஒட்டும் என்று 1920-களில் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனன் காட்டும்வரை, இந்த நோய் வந்த கண் ஏறக்குறைய எப்போதும் பார்வையிழந்தது. இன்றைக்குள்ள எல்லா ஆபரேஷனும் அவர் சொன்னதைத்தான் செய்கின்றன: எல்லாக் கிழிசலையும் தேடு, இழுப்பைத் தளர்த்து, ஓரங்களை ஒட்டவை. எந்தப் பக்கமிருந்து செய்வது என்பதில்தான் வித்தியாசம்: வெளியிலிருந்து பட்டை வைத்துத் தாங்குவது பக்கிள், உள்ளே போய்க் கூழை எடுத்துச் சரிசெய்வது விட்ரெக்டமி.

மூடிய அடியும் திறந்த காயமும்

பந்து, முழங்கை, குத்து போன்றவை கண்ணைக் கிழிக்காமல் நசுக்குகின்றன. முன்னும் பின்னும் அழுந்திய கண் பக்கவாட்டில் விரிகிறது. அந்த நொடியில் கூழ் தன்னோடு ஒட்டியிருக்கும் விழித்திரையின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. விளிம்பு அப்படியே வேரோடு கழன்று வந்தால் அதற்கு டயாலிசிஸ் என்று பெயர். சிறுநீரக டயாலிசிஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பெயரைக் கேட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அழுதுவிட்டார், அதனால் சொல்கிறேன். இது பெரும்பாலும் கண்ணின் கீழ்-வெளிப்பக்க மூலையில் வரும். மேல்-மூக்குப்பக்க மூலையில் இருந்தால் அடிபட்டதற்கு அதுவே ஏறக்குறைய சாட்சி.

இளவயதில் கூழ் கெட்டியாக இருப்பதால் கிழிசலை அதுவே கொஞ்ச காலம் அடைத்து வைத்திருக்கும். அதனால்தான் அடிபட்டு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து, எல்லோரும் அதை மறந்த பிறகு விழித்திரை விலகுகிறது. 1966-ல் வெளியான ஓர் ஆய்வில், மழுங்கலான அடியால் வந்த விலகல்களில் 12 சதவீதம் மட்டுமே உடனே தெரிந்தன. ஒரு மாதத்துக்குள் 30 சதவீதம், எட்டு மாதத்துக்குள் 50 சதவீதம், இரண்டு வருடத்துக்குள் 80 சதவீதம். மிச்சம் அதற்கும் பிறகு. "அடிபட்டப்போ டாக்டர் பார்த்து ஒன்றும் இல்லைன்னு சொல்லிட்டார்" என்பது அந்த ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் சான்றிதழ்.

திறந்த காயத்தின் கதையே வேறு. கம்பி, கண்ணாடித் துண்டு, உலோகச் சிதறல் ஆகியவை சுவரைக் கிழித்து உள்ளே போகின்றன. ரத்தம் கசிகிறது, கூழ் காயத்தில் சிக்கிக்கொள்கிறது. காயத்தை ஆற்ற உடல் அனுப்பும் செல்கள் அந்தக் கூழையே ஏணியாகப் பிடித்து உள்ளே ஏறி, விழித்திரையின் மேலும் கீழும் வடுப்படலம் நெய்கின்றன. படலம் சுருங்கும்போது விழித்திரையும் மடிந்து சுருங்குகிறது. இதைச் சுருக்கமாக பி.வி.ஆர். என்பார்கள். ஒட்டவைத்த விழித்திரை மறுபடி பிரிவதற்கு முதல் காரணம் இதுதான். அடிபடாத கண்ணில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருவதாகச் சொல்லப்படும் இது, திறந்த காயம் பட்ட கண்ணில் அதைவிட அதிகம். ஒவ்வொரு தோற்ற ஆபரேஷனும் இதற்குத் தீனி போடுகிறது. அதனால் முதல் ஆபரேஷனைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம்.

பக்கிள்: வெளியிலிருந்து தாங்குவது

கண்ணின் வெள்ளைச் சுவருக்கு வெளியே, தசைகளுக்கு அடியில் சிலிக்கான் பட்டையைத் தைத்து, சுவரை உள்நோக்கி லேசாக அழுத்துவார்கள். கிழிந்த இடத்துக்குச் சுவரே எழுந்து வந்து அணைகொடுக்கிறது. கிழிசலின் ஓரத்தைக் குளிர்க்கருவியால் உறையவைத்து ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் பின்னால் தேங்கிய நீரைச் சிறு துளையிட்டு வடிப்பார்கள். 1949-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் தொடங்கிவைத்து, 1950-களில் சார்லஸ் ஷெப்பென்ஸ் வளர்த்தெடுத்த முறை இது.

பழைய முறை என்பதாலேயே இதை ஒதுக்கிவிடக் கூடாது. மூடிய அடியால் வந்த டயாலிசிஸ், இளவயது, சொந்த லென்ஸ் தெளிவாக இருக்கிறது, கூழ் கெட்டியாக இருக்கிறது என்றால் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. கூழைத் தொடுவதே இல்லை, லென்ஸ் தப்பிக்கிறது, குப்புறப் படுக்க வேண்டாம், உள்ளே வாயு விடவில்லை என்றால் விமானப் பயணத்துக்கும் தடையில்லை. இப்படிப்பட்ட கண்களில் விழித்திரை ஒரே ஆபரேஷனில் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். 2007-ல் வெளியான எஸ்.பி.ஆர். என்ற ஐரோப்பிய ஆய்வு, நடுத்தரச் சிக்கல் உள்ள விலகல்களில் பக்கிளையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டது. சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்குப் பக்கிளில் பார்வை மேலாக வந்தது. ஏற்கெனவே செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு விழித்திரை ஒட்டுவதில் விட்ரெக்டமி முந்தியது. காயம்பட்ட கண்களுக்கென்று நடத்திய ஆய்வு இல்லை அது. ஆனாலும் லென்ஸின் நிலை தேர்வை எப்படி மாற்றுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

காத்திருப்பு அறையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பையன் அடிக்கடி வருவான். பள்ளியில் படிக்கும்போது கண்ணில் பந்து பட்டிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு ஓரத்தில் நிழல் விழுந்ததைக் கவனித்திருக்கிறான். ஓரிடத்தில் விட்ரெக்டமி என்றார்கள், இன்னோரிடத்தில் பக்கிள் என்றார்கள். பக்கிள் போட்டுக்கொண்டான். முதல் வாரம் வலியும் வீக்கமும் இருந்தன. கண்ணாடிக்கு இரண்டு மூன்று பவர் மைனஸ் கூடியது. கண்ணைச் சுற்றிப் பட்டை இறுக்குவதால் விழி சற்று நீளமாகி இப்படி ஆகும். அவ்வளவுதான். அந்த வயதில் விட்ரெக்டமி செய்து, பின்னால் கண்புரை வந்து லென்ஸை எடுக்க நேர்ந்தால், கிட்டத்தையும் தூரத்தையும் தானாக மாற்றிப் பார்க்கும் திறன் அந்தக் கண்ணில் வாழ்நாள் முழுக்கப் போய்விடும். இருபது வயதில் அது சின்ன இழப்பு இல்லை.

பக்கிளின் குறைகளையும் சொல்ல வேண்டும். தசைகளுக்கு அடியில் வேலை செய்வதால் சிலருக்குக் காட்சி இரண்டாகத் தெரியும். பட்டை வெளியே தள்ளிவருவதும் தொற்று வருவதும் அரிது, ஆனால் வரும். வந்தால் எடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டருக்குக் கிழிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளே ரத்தம் நிறைந்திருந்தால், கிழிசல் மிகவும் பின்னால் இருந்தால், வடுப்படலம் விழித்திரையை மடக்கிவிட்டால் வெளியிலிருந்து அழுத்தி மட்டும் பயனில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விட்ரெக்டமி பரவியதால் பக்கிள் ஆபரேஷன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இளைய டாக்டர்களில் பலருக்கு அதில் கைப்பழக்கம் குறைவு. அதனால் "நீங்கள் பக்கிள் வழக்கமாகச் செய்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். தேவைப்பட்டால் அதில் தேர்ந்தவரிடம் அனுப்புவார்.

விட்ரெக்டமி: உள்ளே போவது

1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மக்கமர் கண்ணைத் திறக்காமல் சிறு துளை வழியாகவே கூழை வெட்டி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது கருவிழியின் ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளவு தள்ளி மூன்று துளைகள் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒன்று திரவம் போக, ஒன்று விளக்குக்கு, ஒன்று வெட்டும் கருவிக்கு. ரத்தத்தையும் கூழையும் எடுத்து, வடுப்படலத்தை இடுக்கியால் உரித்து, தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவத்தை விட்டு விழித்திரையைத் தட்டையாக்கி, கிழிசலைச் சுற்றி லேசர் வைப்பார்கள். கடைசியில் வாயுவோ சிலிக்கான் ஆயிலோ நிரப்பி, ஒட்டும்வரை தாங்கவைப்பார்கள்.

திறந்த காயம் பட்ட கண்ணுக்குப் பெரும்பாலும் வேறு வழி இல்லை. ரத்தம் மறைக்கிறது, கூழ் காயத்தில் சிக்கியிருக்கிறது, இழுப்பு உள்ளேயிருந்துதான் வருகிறது. வெளியே எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் கயிற்றை அறுக்க முடியாது. அண்ணனுக்கு இதைத்தான் செய்தார்கள். லென்ஸும் நொறுங்கியிருந்ததால் அதையும் சேர்த்து எடுத்தார்கள்.

எப்போது செய்வது என்பதில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. காயத்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தைத்துவிட வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. விட்ரெக்டமியை ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் செய்வதே பலரின் வழக்கம். அதற்குள் காயம் கொஞ்சம் உறுதியாகும், ரத்தக் கசிவு அபாயம் குறையும், உறைந்த ரத்தம் இளகும், கூழ் தானாகவே விழித்திரையிலிருந்து கழன்றுகொள்ளத் தொடங்கும். இளவயதுக் கண்ணில் ஒட்டிய கூழைக் கருவியால் பிரித்தெடுப்பது மிகக் கடினமான வேலை, அதனால் இது பெரிய உதவி. இன்னொரு சாரார், அதற்குள் வடு தலைதூக்கிவிடும், மூன்று நான்கு நாளிலேயே போய்விடுவது நல்லது என்கிறார்கள். உள்ளே தொற்று இருந்தாலோ உலோகத் துண்டு தங்கியிருந்தாலோ காத்திருக்கும் பேச்சே இல்லை. எனக்குப் புரிந்தவரை இரண்டு வாரத்துக்குள் என்பது நியாயமான எல்லை. ரத்தம் வடியட்டும் என்று ஸ்கேனும் எடுக்காமல் ஒரு மாதம் தள்ளிப்போடுவதை எந்தச் சாராரும் சொல்லவில்லை. அந்தப் பதினேழு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு பிசைகிறது.

விட்ரெக்டமிக்கான விலை கண்புரை. சொந்த லென்ஸ் உள்ள, ஐம்பது தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு வருடத்துக்குள் வந்துவிடுகிறது, இளையவர்களுக்கு மெதுவாக. கண் அழுத்தம் ஏறலாம். அடிபட்ட கண்ணில் நீர் வடியும் மூலை முன்பே சேதப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இதை வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு: உள்ளே விட்ரெக்டமி, வெளியே சுற்றிலும் ஒரு பட்டை. காயம்பட்ட கண்ணுக்கெல்லாம் பட்டை போட்டுவிடுவது என்று சிலர் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அது தேவையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கிழிசலோ வடுவோ கீழ்ப்பகுதியில் இருந்தால், அல்லது விளிம்பை ஒட்டி வடு முன்னோக்கி இழுத்தால், பட்டைக்கு நல்ல காரணம் இருக்கிறது. அது ஏன் என்பது வாயுவையும் ஆயிலையும் பார்த்தால் புரியும்.

வாயுவா, ஆயிலா?

இந்தக் கேள்வியில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன, ஏனென்றால் இது ஆபரேஷன் அறையோடு முடிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகான வாரங்களையும் மாதங்களையும் இதுதான் தீர்மானிக்கிறது.

வாயுவில் இரண்டு வகை வழக்கம். எஸ்.எஃப்.6 ஏறக்குறைய இரண்டு வாரம் கண்ணில் நிற்கும். சி.3.எஃப்.8 ஆறிலிருந்து எட்டு வாரம். இரண்டும் தானாகவே கரைந்துபோகும். எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. வாயுக்குமிழ் மேல்நோக்கி மிதக்கும், எந்த இடம் மேலே இருக்கிறதோ அதைத்தான் தாங்கும். அதனால்தான் தலையைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். குப்புறப் படுப்பது கேட்க எளிது. கழுத்தும் முதுகும் மரத்துப்போய், சாப்பிடும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் இருப்பது எல்லோராலும் முடியாது. சின்னக் குழந்தை, மூச்சிரைப்பு உள்ளவர், முதுகெலும்பு வளைந்த முதியவர், விபத்தில் வேறு எலும்பும் முறிந்தவர் ஆகியோரிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. வாயு இருக்கும்வரை விமானம் ஏறவே கூடாது, உயரமான மலைப்பாதையும் ஆகாது; வெளியழுத்தம் குறைந்தால் குமிழ் விரிந்து கண் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கவே கூடாது. கையில் கட்டிவிடும் எச்சரிக்கைப் பட்டையைக் குமிழ் கரையும்வரை கழற்றாதீர்கள்.

சிலிக்கான் ஆயில் கரையாது. அதன் பெரிய பலமும் பெரிய பாரமும் அதுதான். 1962-ல் பால் சிபிஸ் பிரிந்த விழித்திரைக்கு இதைப் பயன்படுத்திய விவரங்களை வெளியிட்டார். மாதக்கணக்கில் தாங்கி நிற்கும், படுக்கும் கோணம் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும், விமானத்திலும் போகலாம். மற்ற கண்ணில் பார்வை இல்லாதவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாயு நிறைந்த கண்ணில் பல நாள் கையசைவு மட்டுமே தெரியும். ஆயில் வழியாக மங்கலாகவாவது பார்க்கலாம், நடமாடலாம்.

ஆனால் வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் அதை எடுத்துவிடுவார்கள், அதாவது இரண்டாவது ஆபரேஷன் ஏறக்குறைய உறுதி. நாள்பட்டால் ஆயில் பொடிப்பொடிக் குமிழ்களாக உடைந்து, கண் அழுத்தத்தை ஏற்றலாம். கருவிழியைத் தொட்டால் அங்கே வெண்பட்டை படியும். லென்ஸ் இல்லாத கண்ணில் ஆயில் முன்னால் வராமலிருக்க, கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத்திரையான ஐரிஸின் கீழ்ப்பகுதியில் சிறு துளை போட்டுவைப்பார்கள். எடுத்த பிறகு சிலருக்கு விழித்திரை மறுபடி பிரிகிறது. கண்ணாடி பவர் ஆயில் இருக்கும்போது ஒன்று, எடுத்த பிறகு வேறொன்று. அதனால் ஆயில் இருக்கும் காலத்துப் பார்வையை வைத்து ஆபரேஷன் வெற்றியா தோல்வியா என்று முடிவுகட்ட வேண்டாம்.

பி.வி.ஆர். உள்ள கண்களில் இவற்றை ஒப்பிட்ட சிலிக்கான் ஸ்டடி என்ற அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 1992-ல் வெளியாயின. எஸ்.எஃப்.6-ஐவிட ஆயில் மேல் என்று தெரிந்தது. நீண்ட நாள் நிற்கும் சி.3.எஃப்.8-க்கும் ஆயிலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வடு இருக்கும் கண்ணில் குறுகிய கால வாயுவை நம்ப முடியாது. மற்ற இரண்டில் எது என்பதைப் படுக்க முடியுமா, பறக்க வேண்டுமா, மற்ற கண் எப்படி என்ற கேள்விகளே தீர்மானிக்கட்டும். திறந்த காயம் பட்டு, வடுவும் தொடங்கிவிட்ட கண்ணுக்கு நான் ஆயில் பக்கம்தான் நிற்பேன். வடு தலைதூக்குவது பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள். அந்தக் காலம் முழுக்கத் தாங்கல் இருப்பது நிம்மதி. கிழிசல் மேற்பாதியில், வடு இல்லை, சொன்னபடி படுக்கக்கூடியவர் என்றால் வாயுவே போதும், எதற்கு இரண்டாவது ஆபரேஷன்?

இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனம்: இரண்டும் தண்ணீரைவிட லேசானவை, மேலே மிதப்பவை. நிமிர்ந்து நடக்கும் மனிதனின் கண்ணில் கீழ்ப்பகுதி விழித்திரைக்கு அவற்றின் தாங்கல் சரியாகக் கிடைப்பதில்லை. வடுவைத் தூண்டும் செல்களும் ஈர்ப்பில் கீழேதான் படிகின்றன. அண்ணனுக்கு ஐந்தாம் மாதம் ஆயில் எடுத்தார்கள். ஆறு வாரத்தில் மறுபடி பிரிந்தது கீழ்ப்பகுதியில்தான். முதல் தடவையே வெளியே பட்டையும் போட்டிருந்தால் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மூன்றாவது ஆபரேஷனில் பட்டையும் போட்டு, சுருங்கிப்போன கீழ்ப்பகுதி விழித்திரையைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்தி, மறுபடி ஆயில் நிரப்பினார்கள். விழித்திரையையே வெட்டுவதா என்று பயந்தோம். சுருங்கிய துணியை இழுத்துப் பரப்பினால் வேறிடத்தில் கிழியும். ஓரத்தை வெட்டிவிட்டால் மீதி படியும் என்று அவர் விளக்கிய பிறகுதான் மனம் ஒப்பியது.

வாயு ஊசி மட்டும் போதாதா?

கண்ணுக்குள் வாயுக்குமிழை ஊசியால் செலுத்தி, குளிர்க்கருவியோ லேசரோ வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறையும் இருக்கிறது. 1980-களில் பரவிய இது, சரியான கண்ணுக்கு நல்ல முறை. கனடாவில் நடந்த பிவட் ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் ஒரே சிகிச்சையில் ஒட்டியது இதில் 80.8 சதவீதம், விட்ரெக்டமியில் 93.2 சதவீதம், ஆனால் பார்வைத் தரம் இதில் மேலாக இருந்தது. இணையத்தில் இதைப் படித்துவிட்டு எங்களுக்கும் இது போதுமே என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: கிழிசல் மேற்பாதியில் சிறியதாக, ஓரிடத்தில் இருக்க வேண்டும், உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும், வடு இருக்கக் கூடாது. கீழே வரும் டயாலிசிஸும், ரத்தம் நிறைந்த காயக் கண்ணும் இந்த வரம்புக்குள் வருவதே அரிது.

செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான்

சில நேரம் அதுவே சரி. ஓரத்தில் மட்டும் நெடுநாளாக நிற்கும் சிறு விலகலுக்குச் சுற்றிலும் லேசர் வேலி போட்டுக் கவனித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லலாம். மறுமுனையில், வெளிச்சமே தெரியாத, உருக்குலைந்த கண்ணில் மூன்று நான்கு ஆபரேஷன் செய்து என்ன கிடைக்கும் என்று கேட்பதும் நியாயமே. காயத்தின் கடுமையை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறை ஒன்று 2002-லிருந்து இருக்கிறது. அடிபட்டவுடன் இருந்த பார்வைக்கு 60-லிருந்து 100 வரை கொடுத்து, கண் வெடித்திருந்தால் 23, உள்ளே தொற்று இருந்தால் 17, இருபக்கமும் துளைத்திருந்தால் 14, விழித்திரை விலகல் இருந்தால் 11, கண்மணியின் ஒளி எதிர்வினை குறைந்திருந்தால் 10 என்று கழிப்பார்கள். எங்கள் கணக்கை டாக்டர் போட்டுக் காட்டினார். கசப்பாக இருந்தது. ஆனாலும் எதற்காக இந்த ஆபரேஷன் என்பது தெளிவானது: எழுத்துப் படிக்க அல்ல, பக்கவாட்டில் ஆள் வருவது தெரிய, கண்ணின் உருவம் நிலைக்க. இந்த எதிர்பார்ப்பை ஆபரேஷனுக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது குடும்பத்துக்கு ரொம்ப முக்கியம்.

அவசரம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பார்வையின் மையமான மேக்யுலா இன்னும் பிரியவில்லை என்றால் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. பிரிந்துவிட்டது என்றாலும் நாட்கணக்குதான், வாரக்கணக்கு இல்லை. நாள்பட்ட டயாலிசிஸ் மட்டும் மெதுவாக நகர்வதால், சரியான டாக்டரைத் தேட அதில் கொஞ்சம் அவகாசம் இருக்கும். வடு வராமல் தடுக்க மருந்து இருக்கிறதா என்றும் கேட்டேன். திறந்த காயம் பட்ட 280 பேரிடம் பிரிட்டனில் நடத்திய ஆஸ்காட் ஆய்வில், விட்ரெக்டமியின்போது ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்ததால் பலன் கிடைக்கவில்லை என்று 2023-ல் தெரியவந்தது. நம்பிக்கையோடு தொடங்கிய ஆய்வு அது. ஆகவே வடுவுக்கு எதிராக இன்றைக்கு நம்மிடம் இருப்பது தேர்ந்த கையும் சரியான நேரமும்தான்.

மற்ற கண்ணை மறந்துவிடாதீர்கள். திறந்த காயத்துக்குப் பிறகு, மிக அரிதாக, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி நல்ல கண்ணையே தாக்கத் தொடங்கும். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே, சில சமயம் வருடங்கள் கழித்தும் வரலாம். நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் காப்பாற்ற முடியும். பவர் தேவையில்லை என்றாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போடச் சொன்னார்கள். அண்ணன் இப்போது அது இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

அடுத்த வாரம் இன்னொரு முடிவு காத்திருக்கிறது. இரண்டாவது முறை போட்ட ஆயிலை எடுப்பதா, இன்னும் கொஞ்ச நாள் விடுவதா? எடுத்தால் மறுபடி பிரியும் பயம் இருக்கிறது. விட்டால் அழுத்தமும் கருவிழியும் கெடும் பயம். இதுவரை கண் அழுத்தம் சரியாக இருக்கிறது, கருவிழி தெளிவாக இருக்கிறது, அந்தக் கண்ணை வைத்து அண்ணன் கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் நடக்கிறார். அழுத்தம் ஏறாதவரை விட்டுவைக்கலாம் என்பது என் எண்ணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும், ஏறினால் அன்றே எடுக்க நாள் குறிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அண்ணனும் அதற்குச் சம்மதித்திருக்கிறார். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த முறை அவரே தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.